நத்தைப் பருந்தின் வரவு செலவு

1965-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலம் முழுவதும் கண்ணில் பட்ட நத்தைப் பருந்துகள் 10. அவற்றில் 8 லாக்ஸஹாச்சி சரணாலயத்தில் இருந்தன. 2 ஒகிச்சோபி ஏரியில். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967 மார்ச்சில், அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் அழிநிலை உயிரினப் பட்டியலில் இந்தப் பறவை இடம்பெற்றது. உலக அளவில் இது அரிய பறவை அல்ல. கியூபா, மெக்ஸிகோ தொடங்கி அர்ஜென்டினா வரை நன்னீர்ச் சதுப்புகளில் இதைக் காணலாம். உலகப் பட்டியலில் இது கவலை குறைந்த இனம். அமெரிக்காவுக்குள் ஃபுளோரிடாவின் சதுப்பும் ஏரிகளும் மட்டுமே இதன் வீடு. ஆகவே இங்கே எழுதப்படும் கணக்கு ஃபுளோரிடாவின் கணக்கு.

பழைய எண்ணிக்கைகளை வரிசையாக வைத்தால் படம் நம்பிக்கை தருகிறது: 1965-இல் 10, 1972-இல் 65, 1984-இல் 668, 1994-இல் 996. முதல் 19 ஆண்டுகளில் 10 என்பது 668 ஆனது என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 24.7% வளர்ச்சி. இது சாத்தியமா என்று பார்ப்போம். 100 பறவைகளில் 50 இணைகள் இருப்பதாகவும், முதிர்ந்தவற்றில் 90% ஆண்டு முடிவில் உயிரோடு இருப்பதாகவும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 90. அடுத்த ஆண்டு 125 ஆக வேண்டுமானால் ஓராண்டைக் கடந்த இளம்பறவைகள் 35 வேண்டும். இளம்பறவைகளில் பாதி பிழைக்கும் என்றால், ஒவ்வோர் இணையும் ஆண்டுதோறும் 1.4 குஞ்சுகளைப் பறக்கவிட வேண்டும். நல்ல மழை ஆண்டில் இது நடக்கலாம். வறட்சியும் வந்துபோன 19 ஆண்டுகளில் இடைவிடாமல் நடந்திருக்கும் என்பது நம்பத் தகுந்ததல்ல. 1965-இல் பறவைகள் 10-க்கு மேல் இருந்திருக்கலாம், பார்க்கப்பட்டவை 10.

1994-க்குப் பிறகு எண்ணும் முறையே மாறியது. முன்பு குளிர்காலத்தில் சதுப்பைச் சுற்றிவந்து கண்டதை எண்ணினார்கள். 1990-களின் பிற்பகுதியிலிருந்து பறவைகளின் காலில் வளையமிட்டு, இனப்பெருக்கப் பருவத்தில் பல முறை ஆய்ந்து, காணாமல் விடுபட்டவற்றையும் புள்ளியியல் முறையில் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 1999-க்கான மதிப்பீடு சுமார் 3,500. 996-க்குப் பக்கத்தில் இதை எழுதினால் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 28.6% வளர்ச்சி என்று வரும். அது பறவைகளின் வளர்ச்சி அல்ல. பெரும்பகுதி கணக்கு முறையின் வளர்ச்சி. இரண்டு வரிசைகளையும் ஒரே வரைபடத்தில் கோடாக இணைக்கக் கூடாது.

புதிய முறைக்குள்ளேயே ஒப்பிட்டால் கதை தலைகீழாகிறது. 1999-இல் சுமார் 3,500. 2002-க்குள் ஏறத்தாழப் பாதி. 2007-இல் 1,204. 2008-இல் 685. 2009-இல் 662. 1999-க்கும் 2008-க்கும் இடையே சரிவு 80%. ஆண்டுக்குச் சராசரியாக 16.6%. 2007-லிருந்து 2008-க்குள் மட்டும் 43% போயிற்று. சட்டப் பாதுகாப்பு கிடைத்து 40 ஆண்டுகள் ஆன பிறகு நேர்ந்த சரிவு இது. வேட்டையாடுவோர் இதற்குக் காரணமல்ல. காரணத்தைத் தேட வேண்டிய இடம் தண்ணீர்.

ஒகிச்சோபி ஏரியின் பரப்பு 1,890 ச.கி.மீ. சராசரி ஆழம் சுமார் 2.7 மீட்டர்தான். இதில் பருந்துக்குப் பயன்படுவது கரையோரச் சதுப்பு. அது சுமார் 400 ச.கி.மீ., அதாவது ஏரியின் 21%. நீர்மட்டத்தைக் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று அளக்கிறார்கள். 2008-இல் வகுத்த ஒழுங்கின்படி ஏரியை 12.5 அடிக்கும் 15.5 அடிக்கும் இடையே, அதாவது 3.81 முதல் 4.72 மீட்டர் வரை, வைத்திருப்பது நோக்கமாக இருந்தது. 2001 மே மாதத்தில் மட்டம் 8.97 அடிக்கு இறங்கியது. அன்று அதுவே மிகக் குறைந்த பதிவு. 2007 ஜூலை 2-இல் 8.82 அடி, முந்தைய பதிவும் முறிந்தது. 12.5 அடியோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை 3.68 அடி, 1.12 மீட்டர். கரையோரச் சதுப்பு முழுவதும் காய்ந்து தரையாவதற்கு அது போதும். எண்ணிக்கை சரிந்த இரண்டு கட்டங்களும் இந்த இரண்டு வறட்சிகளை ஒட்டியே வருகின்றன. உடன்நிகழ்வு மட்டுமே காரணத்தை மெய்ப்பிக்காது. ஆனால் வளையமிட்ட பறவைகளின் பதிவு அதற்கு வலுச் சேர்க்கிறது. 2001 வறட்சியில் முதிர்ந்த பறவைகளின் பிழைப்பு விகிதம் சுமார் 16% குறைந்தது. இளம்பறவைகளின் விகிதம் சுமார் 86% குறைந்தது. முதிர்ந்தவை வேறு ஏரி தேடிப் பறந்துவிட்டன. இளையவற்றில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைப் பார்க்கவில்லை.

வறட்சியில் எல்லா நீர்ப்பறவைகளும்தான் துன்பப்படுகின்றன. இந்தப் பருந்து மற்றவற்றைவிட அதிகம் துன்பப்படக் காரணம் அதன் உணவுப் பட்டியலின் நீளம்: ஏறத்தாழ 1. எடை 300 முதல் 570 கிராம், சிறகை விரித்தால் 99 முதல் 120 செ.மீ. உள்ள இந்த வேட்டைப் பறவையின் இரையில் மிகப் பெரும்பங்கு ஆப்பிள் நத்தை என்னும் ஒரே வகை நன்னீர் நத்தை. நம் வயல்களில் நத்தைகுத்தி நாரை கொத்தித் தின்னும் நத்தையும் இதே குடும்பம். பருந்தின் மேல் அலகு மெல்லியதாகவும் கொக்கிபோல் வளைந்தும் இருக்கும். நத்தையை ஒரு காலால் பிடித்துக் கிளையில் அமர்ந்து, ஓட்டின் மூடிக்குப் பக்கத்தில் அலகை நுழைத்து, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுக்கும். பிறகு முழு உடலும் ஓட்டிலிருந்து வழுக்கி வெளியே வரும். ஓடு உடைவதில்லை. பருந்து வழக்கமாக அமரும் கிளையின் அடியில் குவிந்து கிடக்கும் வெற்று ஓடுகளை எண்ணியும் அளந்துமே ஆய்வாளர்கள் அதன் உணவைக் கணக்கிடுகிறார்கள். வேட்டைப் பறவைகளில் இவ்வளவு நேர்த்தியான ரசீது விட்டுச்செல்வது அரிது.

அடுத்த எண் 16. ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீரில் ஆக்ஸிஜன் குறையும்போது தண்டைப் பற்றி மேலே ஏறி வந்து காற்றை இழுக்கும். அந்த நேரம்தான் பருந்தின் வேளை. மீன் பிடிக்கும் விராலடிப்பான் போல் இது நீருக்குள் பாய்வதில்லை. தாழப் பறந்துவந்து கால்களை மட்டும் நனைக்கும். எட்டும் ஆழம் ஏறத்தாழ 16 செ.மீ. அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் நத்தை இருந்தாலும் பருந்தின் கணக்கில் பூஜ்யம். நத்தை ஏறிவர நீருக்கு மேலே நீட்டி நிற்கும் தண்டுகள் வேண்டும். பருந்து நத்தையைப் பார்க்கத் தண்டுகளுக்கிடையே திறந்த நீர் வேண்டும். அடர்ந்த சம்புக்காடும் பயன்படாது, தண்டில்லாத வெறும் நீர்ப்பரப்பும் பயன்படாது.

எவ்வளவு நத்தை இருந்தால் போதும்? களத்தில் அளந்து கண்ட கீழ்வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.14. அதாவது 7 சதுர மீட்டருக்கு ஒரு நத்தை. ஒரு ஹெக்டேருக்கு 1,400. அதற்கும் குறைந்த இடங்களில் பருந்து வேட்டையாடி வாழ முடிவதில்லை. இந்த எண் கேட்பதற்குச் சிறியது. ஆனால் நத்தை சராசரியாக வாழ்வது 1 முதல் 1.5 ஆண்டு. ஓர் ஆண்டு முட்டை பொய்த்தால் அடுத்த ஆண்டின் 1,400-ஐ நிரப்ப முந்தைய தலைமுறை உயிரோடு இருக்காது. சேமிப்புக் கணக்கே இல்லாத வியாபாரம்.

ஃபுளோரிடாவின் சொந்த நத்தை ஒரு கொத்தில் இடுவது 20 முதல் 30 முட்டை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டிவைக்கும்; பொரிக்க 2 முதல் 3 வாரம். அதற்குள் நீர் விறுவிறுவென உயர்ந்தால் முட்டை மூழ்கிச் சாகும். நீர் வற்றினாலோ வளர்ந்த நத்தை தாங்கும், சிறு நத்தை தாங்காது: ஆய்வில் 12 வார வறட்சியை முதிர்ச்சியடையும் நிலையில் இருந்த நத்தைகளில் 70% கடந்தன, சிறியவற்றில் 8 வாரத்திலேயே உயிரோடிருந்தவை 50%-க்கும் குறைவு. எனவே வறட்சியே கூடாது என்பதல்ல கணக்கு. தென் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு இயல்பாகவே அவ்வப்போது காயும் நிலம். செடிகள் புதுப்பிக்கப்படுவதற்கு அது தேவையும்கூட. எந்த மாதத்தில் காய்கிறது, எத்தனை வாரம் காய்கிறது, அப்போது நத்தை எந்த அளவில் இருக்கிறது என்ற மூன்று எண்களில்தான் வேறுபாடு இருக்கிறது.

கூட்டுக்கும் இதே போன்ற ஒரு நாட்கணக்கு உண்டு. கூட்டில் சராசரி 3 முட்டை. அடைகாப்பு சுமார் 27 நாள், குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் சுமார் 30 நாள். மொத்தம் 57 நாள். கூடு எப்போதும் நீருக்கு மேல் நிற்கும் செடியிலோ புதரிலோ இருக்கும். கீழே உள்ள நீர்தான் ரக்கூன் போன்ற விலங்குகளைத் தடுக்கும் அகழி. கூடு கட்டும் நாளில் கீழே 60 செ.மீ. நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.05 செ.மீ.-க்கு மேல் நீர் இறங்கினால் 57-ஆம் நாளுக்குள் கூட்டின் அடியில் தரை தெரியும். ஆவியாதலும் இயற்கை வடிதலும் மட்டும் இருந்தால் இவ்வளவு வேகம் வருவது அரிது. மதகு திறந்தால் வரும்.

நல்ல ஆண்டுகளில் இந்தப் பருந்து இன்னொரு காரியமும் செய்கிறது. குஞ்சுகளுக்கு 3 முதல் 5 வாரம் ஆனதும் பெற்றோரில் ஒன்று கூட்டைவிட்டுப் போய்விடும். போவது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். எஞ்சிய ஒன்று தனியாக மேலும் சில வாரங்கள் ஊட்டி வளர்க்கும். போனது வேறு துணையோடு அடுத்த கூட்டைத் தொடங்கும். வேட்டைப் பறவைகளில் அரிதான இந்த ஏற்பாடு நத்தை மலிந்த பருவங்களில் அதிகம். உணவு குறைந்த பருவங்களில் இருவரும் சேர்ந்தே வளர்க்கிறார்கள். பிறந்த 9 அல்லது 10 மாதத்திலேயே இனப்பெருக்கம் தொடங்கக்கூடிய பறவை இது. ஆக, நல்ல நீர் கிடைத்தால் வேகமாகப் பெருகும் தன்மை இதன் உடலிலேயே உண்டு. 1970-களின் ஏற்றத்தில் கணக்கு முறையின் பங்கைக் கழித்தாலும் கொஞ்சம் உண்மை மிஞ்சும்.

இனி நிலத்தின் கணக்கு. எவர்கிளேட்ஸின் பழைய பரப்பு சுமார் 4,000 சதுர மைல், 10,360 ச.கி.மீ. ஒகிச்சோபியிலிருந்து தெற்கே கடல் வரை சுமார் 160 கி.மீ.; சரிவு கிலோமீட்டருக்கு சுமார் 3 செ.மீ. மொத்த இறக்கம் 4.8 மீட்டர், ஒன்றரை மாடி உயரம். இந்தச் சரிவில் நீர் ஓடுவதாகச் சொல்வதைவிட நகர்வதாகச் சொல்வது பொருந்தும். இதே சரிவு இன்னொன்றையும் சொல்கிறது: சீரான தரையில் நீர்மட்டம் 30 செ.மீ. இறங்கினால் நீரின் விளிம்பு 10 கி.மீ. பின்வாங்கும். வேறு நிலங்களில் கவனிக்கப்படாத ஓர் அடி மாற்றம் இங்கே ஒரு மாவட்டத்தையே காயவைக்கும்.

1881-இல் ஹாமில்டன் டிஸ்டன் என்ற பிலடெல்பியாத் தொழிலதிபர் ஃபுளோரிடா அரசிடமிருந்து 40 லட்சம் ஏக்கர் நிலம் வாங்கினார். விலை ஏக்கருக்கு 25 சென்ட்; மொத்தம் 10 லட்சம் டாலர். வடிகால் வெட்டி விற்பது திட்டம். 1928 செப்டம்பர் புயலில் ஒகிச்சோபி கரை புரண்டு குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக எழுந்து, பின்னர் நீட்டப்பட்ட ஹெர்பர்ட் ஹூவர் கரையின் நீளம் இன்று சுமார் 230 கி.மீ. 1947 டிசம்பரில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா தொடங்கப்பட்டது. ஏழு மாதம் முடிவதற்குள், 1948 ஜூனில், சுமார் 1,600 கி.மீ. கால்வாய்களைக் கொண்ட மத்திய-தெற்கு ஃபுளோரிடா வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது. ஒரே அரசு ஒரு கையால் காத்து மறு கையால் வடித்தது என்று இதை எளிதாகக் கேலி செய்துவிடலாம். 2,500 உயிர் போன இடத்தில் அந்தக் கேலி அரை உண்மைதான்.

அந்தத் திட்டத்தின்கீழ் ஏரிக்குத் தெற்கே 7 லட்சம் ஏக்கர், 2,833 ச.கி.மீ., விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்டது, பெரும்பகுதி கரும்பு. இது பழைய சதுப்பின் 27%. இன்னும் சுமார் 3,500 ச.கி.மீ. கரை கட்டிய 3 நீர்ச் சேமிப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, இது 34%. பருந்து கூடு கட்டும் முக்கிய இடங்கள் பல இந்த 34%-க்குள் வருகின்றன. அங்கே நீர்மட்டத்தை முடிவு செய்வது மழை மட்டுமல்ல, மதகும்தான். மாநில மக்கள்தொகை 1950-இல் 27.7 லட்சம், 2020-இல் 2.15 கோடி, 7.8 மடங்கு. மதகு திறப்பவர்கள் முன்னால் இருக்கும் வரிசையில் பருந்துக்கு முன்னே குடிநீரும் வெள்ளத் தடுப்பும் கரும்பும் நிற்கின்றன.

ஏரிக்கு வடக்கே கிசிம்மி ஆற்றின் கணக்கு தனி. 1962-க்கும் 1971-க்கும் இடையே 166 கி.மீ. வளைந்தோடிய ஆற்றை 90 கி.மீ. நேர்க்கால்வாயாக வெட்டினார்கள், நீளம் 46% குறைந்தது, ஆழம் 9 மீட்டராயிற்று. செலவு சுமார் 3.5 கோடி டாலர். பிறகு அதே ஆற்றை மீட்கத் தொடங்கி 2021 ஜூலையில் முடித்தார்கள்: மீண்டது சுமார் 71 கி.மீ. ஆறும் 100 ச.கி.மீ. அளவிலான வெள்ளச் சமவெளியும். செலவு சுமார் 100 கோடி டாலர். கிலோமீட்டர் கணக்கில் வெட்ட 3.9 லட்சம், மீட்க 1.41 கோடி, 36 மடங்கு. பணவீக்கத்தைச் சேர்க்காமல் இப்படி ஒப்பிடுவது நியாயமில்லை. 1970-க்கும் 2021-க்கும் இடையே அமெரிக்க விலைவாசி சுமார் 7 மடங்கு உயர்ந்தது, 3.5 கோடி என்பது 24.5 கோடிக்குச் சமம். அப்போதும் மீட்ட மொத்தச் செலவு வெட்டிய மொத்தச் செலவைப்போல் 4 மடங்கு, மீண்டதோ முழு ஆறு அல்ல.

இந்த நிலையில், 2000-களின் நடுவில், கணக்கில் யாரும் எழுதாத ஒரு வரவு வந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு ஆப்பிள் நத்தை, மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக ஃபுளோரிடாவுக்கு வந்தது, கிசிம்மி ஏரித்தொடரில் உள்ள டோஹோபெகலைகா ஏரியில் பெருகியது. 2003-04-இல் அந்த ஏரியை வடித்துச் சேறு அகற்றியிருந்தார்கள். அதை அடுத்தே பெருக்கம். சொந்த நத்தை கொத்துக்கு 20 முதல் 30 முட்டை. வந்த நத்தை சுமார் 2,000. ஏறத்தாழ 65 முதல் 100 மடங்கு. அதில் 70% பொரித்தால் 1,400 குஞ்சு நத்தை. ஒரு ஹெக்டேரில் பருந்து வாழத் தேவையான கீழ்வரம்பும் 1,400 தான். பொரித்தவை எல்லாம் வளரப்போவதில்லை என்பதால் இந்த ஒற்றுமையை நீட்டக் கூடாது; ஆனால் ஒரே ஒரு இளஞ்சிவப்பு முட்டைக்கொத்தின் அளவு என்ன என்பதை அது காட்டும்.

முதலில் பலரும் இதைக் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எண் ஆதாரமும் இருந்தது. புதிய நத்தை பழையதைப்போல் 2 முதல் 5 மடங்கு பெரியது. ஓட்டின் நீளம் இரட்டித்தாலே கன அளவு 8 மடங்காகும் என்பது பள்ளிக் கணக்கு. பருந்தின் கால்விரல் மட்டும் அப்படியேதான் இருந்தது. பெரிய நத்தையைத் தூக்கிவரும் வழியில் நழுவவிடுவதும், தசையை அறுக்க அதிக நேரம் எடுப்பதும் பதிவாயின. முதிர்ந்த பறவைகள் ஒருவாறு சமாளித்தன. இளம்பறவைகளின் அன்றாட ஆற்றல் வரவு, சொந்த நத்தை தின்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. பெற்றோரை ஏரிக்கு இழுத்துவந்து பிள்ளைகளைப் பட்டினி போடும் பொறியாக இது ஆகுமோ என்று 2010 வாக்கில் ஆய்வாளர்கள் அஞ்சினார்கள்.

எண்ணிக்கை அந்த அச்சத்துக்கு எதிர்த்திசையில் போனது. 2009-இல் 662, 2010-இல் 826, 25% ஏற்றம், 2011-இல் 925, 12% ஏற்றம், 2012-இல் 1,200-க்கு மேல். 3 ஆண்டுகளில் 81%. பத்தாண்டின் பிற்பகுதியில் 2,000-ஐத் தாண்டியது; 1999-இன் அளவில் அது 57%. புதிய நத்தை ஒகிச்சோபிக்கும் பரவியது. நெடுங்காலம் கூடு அரிதாகியிருந்த அந்த ஏரியிலும் பருந்துகள் மீண்டும் கட்டத் தொடங்கின. இந்த ஏற்றத்தை முழுவதும் நத்தையின் கணக்கில் எழுத முடியாது. 2007-08 வறட்சி விலகியதும் ஒரு காரணம். ஆனால் ஏற்றம் நடந்த இடங்களைப் பார்த்தால், புதிய நத்தை இருக்கும் ஏரிகள் முன்னணியில் நிற்கின்றன.

இதற்கிடையே அளவுகோலுக்கு இன்னோர் எண் சிக்கியது: 8%. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, புதிய நத்தை வந்த பத்தாண்டில் இளம்பருந்துகளின் அலகு சராசரியாக 8% வளர்ந்திருந்தது. சிலவற்றில் 12% வரை. எடுத்த காலம் இரண்டு தலைமுறைக்கும் குறைவு. பெரிய அலகு கொண்ட இளம்பறவைகள் முதல் ஆண்டைக் கடக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இதைப் பரிணாமம் என்று தலைப்பிட்ட செய்திகள் பல. ஆய்வு சொன்னது அதைவிட அடக்கமானது: மாற்றத்தின் பெரும்பகுதி, நன்றாகத் தின்ற குஞ்சு பெரிதாக வளர்ந்ததால் வந்த நெகிழ்வு, மரபுவழி மாற்றத்துக்கான வாய்ப்பு அதற்குள் இருக்கிறது. அலகு 8% நீண்டதால் நத்தையின் 2 முதல் 5 மடங்கு சமனாகிவிடவில்லை. ஆனால் திசை சரி.

வரவுப் பக்கத்தில் எழுதியதற்குச் செலவுப் பக்கமும் உண்டு. புதிய நத்தை நீருக்குள் வளரும் செடிகளைப் பெருமளவில் தின்னும். தான் ஏறும் சதுப்பையே அது மெலியவைக்கலாம். ஃபுளோரிடா ஏரிகளில் அது விரும்பித் தின்னும் செடிகளில் ஒன்று, நம் குளங்களிலும் உள்ள வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா. தென்கிழக்கு அமெரிக்காவின் சில நீர்த்தேக்கங்களில் அந்தப் பாசியின் இலைமேல் ஒருவகை நீலப்பச்சைப் பாக்டீரியா வளர்ந்து நரம்பு நச்சை உண்டாக்குகிறது. 1994-95 குளிர்காலத்தில் ஆர்க்கன்சாவின் டிக்ரே ஏரியில் 29 வெண்தலைக் கழுகுகள் இறந்ததிலிருந்து தொடங்கிய புதிர் இது. நச்சின் வேதியமைப்பு 2021-இல்தான் வெளியானது. அத்தகைய ஹைட்ரில்லாவைத் தின்ற நத்தைகளைக் கோழிகளுக்குக் கொடுத்த சோதனையில் கோழிகளின் மூளையில் அதே நோய்க்குறி தோன்றியது. ஒரே இரையை நம்பும் பறவைக்கு அந்த இரையின் நஞ்சு முழுக் கணக்கையும் மூடிவிடக் கூடியது. ஹைட்ரில்லாவைக் களைக்கொல்லியால் ஒழிக்கலாம். ஆனால் கூடு தாங்கும் கரையோரச் செடிகளும் அதே தெளிப்பில் சாயக்கூடும். இரண்டு பக்கமும் செலவு.

எவர்கிளேட்ஸ் சதுப்பைச் சீரமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2000-இல் சட்ட ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு 780 கோடி டாலர்; பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. இருபது ஆண்டில் மதிப்பீடு 2,300 கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ 3 மடங்கு. தெற்கே அனுப்பும் நீரில் பாஸ்பரஸ் நூறு கோடிப் பங்கில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலக்கு. அதற்கு மேல் போனால் மெல்லிய கோரைவெளியைச் சம்பு மூடுகிறது, பருந்துக்குத் திறந்த நீர் போகிறது. வடிகட்டும் சதுப்புகளாக மட்டும் 23,000 ஹெக்டேருக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். இந்தச் செலவின் பயன் தெற்குச் சதுப்புகளில்தான் தெரிய வேண்டும். பருந்தின் ஏற்றமோ பெரும்பாலும் வடக்கு ஏரிகளில் நடந்தது, அதுவும் அழைக்காமல் வந்த நத்தையால். எனவே 2,000 என்ற எண்ணைச் சீரமைப்பின் வரவாக எழுதுவதற்கு இன்னும் இடமில்லை.

1977-இல் அரசு இந்தப் பருந்துக்கென உயிர்நாடி வாழிடம் என்று சட்டப்படி அறிவித்த நிலம் 8,41,635 ஏக்கர், சுமார் 3,406 ச.கி.மீ. ஒகிச்சோபியின் மேற்குக் கரை, சேமிப்புப் பகுதிகள், தேசியப் பூங்காவின் ஒரு பகுதி ஆகியவை அந்த வரைபடத்தில் உண்டு. டோஹோபெகலைகா ஏரியின் பரப்பு 80 முதல் 90 ச.கி.மீ.; அறிவித்த நிலத்தின் 2.5% அளவுதான். எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடந்த ஆண்டுகள் சிலவற்றில், மாநிலம் முழுவதும் கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகளில் சுமார் பாதி இந்த ஓர் ஏரியிலிருந்து வந்தன. 1977 வரைபடத்துக்குள் அதன் பங்கு 0 ஏக்கர்.